மருந்தே பகையை வளர்ப்பதோ?

வயிற்றோட்டம் கண்ட ஒருவன் மருந்துக்கடையில் நான்கு குளிசை வாங்கி விழுங்குவது அவனது சொந்த விடயம் என்பர் சிலர். அன்று, அது ஊரின் விடயம். நிந்தவூர் போன்ற மணற்பாங்கான கரையோர ஊர்களிலே ஒரே வளவிற் கிணறும் மலசலகூடக் குழியும் அமைந்திருத்தல் புதிதன்று. ஒருவன் குடலில் வளரும் கிருமி நீர்வழியே அயலவன் குடலையும் அடையக்கூடும்.

அக்கிருமி தனித்துச் செல்வதுமில்லை. 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் சென்னையில் வாந்திபேதிக் கிருமியின் புதிய வகையொன்று தலைகாட்டியது. அதன் மருந்தெதிர்ப்புப் பரம்பரையலகுகள் பல ஒரே தொகுதியாய் இணைந்து வேறு பற்றீரியாவுக்குத் தாவவல்லன என 1996இல் வோல்டர், மெக்கலனோஸ் முதலியோர் காட்டினர். வாந்திபேதி நச்சை ஆக்கும் பரம்பரையலகுகளை வைரசு ஒன்றே கிருமிக்குக் கிருமி சுமந்து செல்கிறது என்பதையும் அவ்வாண்டிலேயே அவ்விருவரும் வெளியிட்டனர். மருந்தை வெல்லும் வன்மையும் மனிதனை வீழ்த்தும் நஞ்சும் கிருமிகளிடையே கைமாறும் பொருள்கள் என்பது இதனாற் புலனாகும்.

இதனினும் கொடியது மற்றொன்று. சிப்ரோபுளொக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் கிருமியின் டி.என்.ஏ.யைச் சிதைக்கும்போது அவ்வெதிர்ப்புத் தொகுதி தாவுவது மிகுகிறது என வோல்டர் குழுவினர் 2004இல் நிறுவினர். வயிற்றோட்டத்துக்கென மக்கள் கேட்டு வாங்கும் குளிசைகளுள் அதுவும் ஒன்றன்றோ! கொல்லவென விழுங்கியதே பகைவனுக்குப் படைக்கலம் கடத்துகிறது.

"வைத்தியசாலையிற் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடுமே, ஏழை என் செய்வான்?" என வினவுவர். வினா நியாயமானது, விடை குளிசையன்று. வயிற்றோட்டத்திற் பெரும்பாலானவை நுண்ணுயிர்க்கொல்லியின்றியே தீர்வன. உயிரைப் பறிப்பது நீரிழப்பு. அதற்குக் கைகண்ட மருந்து ஜீவனிக் கரைசல். மலத்தில் இரத்தம் கண்டாலோ, நீர் கட்டின்றிப் போனாலோ கூலியை எண்ணித் தாமதிக்கலாகாது. நுண்ணுயிர்க்கொல்லி வேண்டுமா, எது வேண்டும் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

வைத்தியர் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்கலாகாதென்பது நாட்டின் சட்டம். வாடிக்கையாளர் கேட்டார், கொடுத்தோம் என்பது நியாயமாகாது. கேட்போருக்கு ஜீவனியைக் கொடுத்து, குளிசையை மறுக்கும் கடைக்காரரே ஊருக்கு நன்மை செய்பவர். கிணற்றையும் குழியையும் போதிய தூரத்திற் பிரித்துவைப்பது பிரதேச சபையினதும் வீட்டாரதும் கடமை. இவற்றைச் செய்யாது புதிய மருந்து வரும் எனக் காத்திருப்போர், அம்மருந்தையும் வெல்லக் கிருமியைப் பழக்குகின்றனர்.