வண்டி போச்சு, பேர் மட்டும் இங்கேயே கெடக்கு

"அண்ணா, ஏசி கூலிங் பத்தல."

பொலேரோவை வித்து ஒன்பதாவது நாள், தக்காளிக்கு மருந்தடிச்சிக்கிட்டு இருந்தப்போ வந்த மெசேஜ் இது. ரெண்டு வாரம் கழிச்சு, "அண்ணா, கிளட்ச் ரொம்ப ஹார்டா இருக்கு." அப்புறம் பின் டயர் ரெண்டும் தேஞ்சிருக்குன்னு போட்டோ. கார்த்திகைக் குளிர்ல ஒரு நாள் காலையில ஏழு மணிக்கு, "அண்ணா, வண்டி ஸ்டார்ட்டே ஆகல, ஆபீஸ் போகணும்." அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு மெக்கானிக் பில் ஒண்ணு வந்துச்சு, 18,400 ரூபாய். கீழே ஒரு வரி: "பாதி நீங்க குடுத்தா நல்லாயிருக்கும்ணா."

இந்த அஞ்சு மாசத்துல நான் அவருக்கு அனுப்பின மெசேஜ் ஒண்ணே ஒண்ணுதான், அதையே திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கேன். "தம்பி, பேர் மாத்திட்டீங்களா?" அதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டைவிரல் படம் பதிலா வரும்.

பழைய வண்டியை வித்தப்புறம் வாங்கினவர் குறை சொன்னா என்ன பண்றதுன்னு இங்க யாரைக் கேட்டாலும் ரெண்டு பதில்தான் வருது. டீக்கடையில கேட்டா, "வித்தாச்சுல்ல, நம்பரை பிளாக் பண்ணு"ங்கறாங்க. வீட்ல கேட்டா, "சின்னப் பையன், ஏதாவது குடுத்து அனுப்பு"ங்கறாங்க. எனக்கு ரெண்டுமே சரியாப் படல. இந்த வியாபாரத்துல நிஜமாப் புகார் சொல்ல வேண்டியவன் நான்னுதான் நான் சொல்லுவேன். படிக்கிற நீங்க பெங்களூருலயோ சென்னையிலயோ இருந்துக்கிட்டு கிராமத்துல ஒரு வண்டியை மலிவா வாங்கியிருந்தா, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

வித்த கதை சின்னதுதான். 2013 மாடல் பொலேரோ, டி.என். 70, அதாவது ஓசூர் பதிவு. பாகலூர்ப் பக்கத்துல இருந்து ரோஜாவும் குடமிளகாயும் ஏத்தின வண்டி, ரெண்டு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கும் போயிருக்கு. ஓசூர்ல ஒரு கன்சல்டிங்குல கேட்டதுக்கு 2,90,000 சொன்னாங்க. எலக்ட்ரானிக் சிட்டியில வேலை பாக்கற ஒரு தம்பி, நம்ம தமிழ்ப் பையன்தான், சந்தாபுரத்துல வாடகைக்கு இருக்கார், போட்டோ பார்த்துட்டு வந்தார். 3,60,000 சொன்னேன். ஓட்டிப் பார்த்தார். "கிளட்ச் போயிடும் தம்பி, அஞ்சாயிரம் கிலோமீட்டருக்குள்ள மாத்தணும்"னு நானே சொல்லி, அதுக்குன்னு 15,000 கழிச்சு 3,45,000க்கு முடிச்சோம். "மெக்கானிக் யாரையாவது கூட்டிட்டு வாங்க"ன்னு ரெண்டு தடவை சொன்னேன். "உங்களைப் பார்த்தா நம்பிக்கையா இருக்குண்ணா"ன்னார். ஆடியில வேண்டாம்னு அவங்க அம்மா சொன்னாங்கன்னு, ஆவணி பொறந்ததும் வந்து எடுத்துட்டுப் போனார். ஆடி மாசத்துக்குக் காட்டின மரியாதையில பாதியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் காட்டியிருந்தா இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

எங்க அப்பா மாடு விக்கிறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வாங்க வர்றவர்கிட்ட, "பல்லைப் பிடிச்சுப் பாத்துக்கோ, மடியைத் தடவிப் பாத்துக்கோ, உன் கையாலயே கறந்து பாத்துக்கோ"ம்பார். அதோட, "எடது பக்கம் போனா உதைக்கும், அதை நான் சொல்லிட்டேன்"ம்பார். அந்த உதையைச் சொன்னதுனாலயே ஐநூறு ரூபாய் குறையும், அது அவருக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியறதைப் பாக்கறது வாங்கறவன் வேலை, கண்ணுக்குத் தெரியாததைச் சொல்றது விக்கிறவன் வேலை. கயிறு கை மாறினப்புறம் அந்த மாடு பால் குறைச்சா எவனும் வந்து கேக்க மாட்டான். உதைக்கறதை மறைச்சு வித்திருந்தா கேப்பான், அடுத்த வாரச் சந்தையிலயே நாலு பேர் முன்னாடி கேப்பான்.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லுது, சொல்லப்போனா எங்க அப்பாவை விட விக்கிறவன் பக்கம் அதிகமாச் சாஞ்சே நிக்குது. 1930ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்துல 16வது பிரிவு இருக்கு. சில விதிவிலக்குகளைத் தவிர, பொருளோட தரத்துக்குச் சொல்லாத உத்தரவாதம் எதுவும் கிடையாதுன்னு அடிப்படை விதியே போட்டிருக்கு. அந்த விதிவிலக்குல முக்கியமானது அந்தப் பொருளையே வியாபாரம் பண்றவங்களுக்கு. தன் சொந்த வண்டியை ஒரு தடவை விக்கிற விவசாயிக்கு அது பொருந்தாது. 1872 ஒப்பந்தச் சட்டத்துல 17வது பிரிவு, சும்மா வாயை மூடிக்கிட்டு இருந்தது மட்டுமே பொதுவா மோசடி ஆகாதுங்குது. ஆனா கேட்ட கேள்விக்குத் தெரிஞ்சே பொய் சொன்னா அது மோசடி, வாங்கினவர் ஒப்பந்தத்தையே ரத்து பண்ணச் சொல்லலாம். மீட்டரைத் திருப்பி வெச்சவன், ஆக்சிடென்ட் ஆன வண்டிக்கு பெயின்ட் அடிச்சுட்டு "ஒரு கீறல் கூடப் படல"ன்னு சத்தியம் பண்ணினவன் எல்லாம் இதுல மாட்டுவான், மாட்டட்டும்.

அந்த அளவுகோலை வெச்சு என் தம்பியோட பில்லைப் பிரிச்சுப் பார்த்தேன். கிளட்ச் நான் வாயால சொன்னது, விலையிலயும் கழிச்சது, அதுக்கு ஒரு பைசா குடுக்க மாட்டேன். டயர் அவர் கண்ணு முன்னாடி உருண்டது. ஏசி நான் ஓட்டின வரைக்கும் நல்லா இருந்துச்சு, பன்னண்டு வருஷ வண்டியில கேஸ் எறங்குனா அதுக்கு நான் பொறுப்பில்லை. ஆனா பேட்டரி விஷயத்துல தப்பு என்னோடது. போன வருஷம் மார்கழியிலயே ரெண்டு காலையில டிராக்டர்ல கயிறு கட்டி இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணினேன். அவர் வாங்க வந்தது நல்ல வெயில்ல, ஒரே சாவியில கிளம்புச்சு, நானும் பேசாம இருந்துட்டேன். சட்டப்படி அது குத்தமில்லாம இருக்கலாம், எங்க அப்பா இருந்திருந்தா திட்டியிருப்பார். பேட்டரிக் காசு முழுசையும் அன்னைக்கே அனுப்பிட்டேன். கிளட்ச்சுக்குக் கிடையாதுன்னும் எழுதிட்டேன். "ஓகேண்ணா"ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு, அதோட அந்தக் கணக்கு முடிஞ்சுது. பிளாக் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்குமா?

இப்போ என் கணக்குக்கு வர்றேன். வண்டி போன மூணாவது வாரத்துல இருந்து என் போனுக்கு பெங்களூரு அபராத மெசேஜ் வர ஆரம்பிச்சுது. சிக்னல் தாண்டினது, சீட் பெல்ட் போடாதது, தப்பான இடத்துல நிறுத்தினது. ஃபாஸ்டாக் என் பேங்க் கணக்குல இருந்ததால அத்திப்பள்ளி டோல்ல அவர் போகும்போதெல்லாம் என் காசு போச்சு. அதை மூட மறந்தது என் மடத்தனம், மறுநாளே மூடிட்டேன். அபராதத்தை அப்படி மூட முடியாது. அது பதிவுச் சான்றுல யார் பேர் இருக்கோ அவனுக்குத்தான் வரும்.

பேர் ஏன் மாத்தலைன்னா அதுக்குப் பின்னாடி எங்க எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு கணக்கு இருக்கு. ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி போனா கர்நாடகா. அங்க குடியிருக்கறவர் நம்ம வண்டியைத் தன் பேருக்கு மாத்தணும்னா ஓசூர்ல தடையின்மைச் சான்று, அதான் என்.ஓ.சி., வாங்கணும், அங்க போய் லைஃப் டாக்ஸ் கட்டணும், கே.ஏ. நம்பர் வாங்கணும். பழைய வண்டிக்குக் குறைச்சுத்தான் வரி போடுவாங்க, ஆனாலும் கையைக் கடிக்கும். அதனால டி.என். 70 நம்பரோடயே ஓட்டிக்கிட்டு இருக்கறது. சனி ஞாயிறு ஓசூர் வந்து போற மாதிரி ஒரு பாவனை. வாங்கும்போது, இது தமிழ்நாட்டு வண்டி, மாத்தச் செலவாகும்னு அதுக்கும் சேர்த்து விலையைக் குறைச்சுப் பேசறாங்க. அப்புறம் மாத்தறதே இல்லை. குறைச்ச காசு அவங்க பாக்கெட்டுல, ஆபத்து என் தலைமேல.

"ஒரு வருஷம் டைம் இருக்குண்ணா"ன்னு தம்பி ஒரு தடவை போன்ல சொன்னார். இது நிறையப் பேர் நம்பிக்கிட்டு இருக்கற விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 47வது பிரிவு. ஒரு மாநிலத்து வண்டியை வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அங்க புது நம்பர் வாங்கணுங்குது. அந்த 12 மாசம் நம்பருக்கு, அதுவும் வண்டிக்குச் சொந்தக்காரனா பதிவுல இருக்கறவனுக்கு. கை மாறின வண்டிக்கு 50வது பிரிவு. வாங்கினவர் 30 நாளைக்குள்ள தான் குடியிருக்கற இடத்து ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். வித்தவனுக்கும் வேலை வெச்சிருக்கு. அதே மாநிலத்துக்குள்ளன்னா 14 நாள், வெளி மாநிலம்னா 45 நாளைக்குள்ள என்.ஓ.சி.யோட தெரிவிக்கணும். ஃபார்ம் 28, 29, 30 எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டு, "எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் இருக்கார்"னு தம்பி சொன்னதை நம்பி அவர் கையில குடுத்துட்டு நானும் 45 நாளைக் கோட்டை விட்டேன். அந்தப் பேப்பர் எல்லாம் டேஷ்போர்டுக்குள்ள மடிச்சு இருக்கறதா அவரே ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

அபராதம் கூட போகட்டும். ராத்திரி தூக்கம் போறது வேற காரணத்துக்கு. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, நீதிபதி சந்திரசூட் எழுதினது. 2007ல ஒருத்தர் காரை வித்துட்டார். அது கை மாறிக் கை மாறிப் போய், 2009 மே மாசம் ஒரு விபத்து, ஒரு உயிர் போயிடுச்சு. எவருமே பேர் மாத்தல. இழப்பீட்டை யார் குடுக்கறதுன்னு வழக்கு டெல்லி வரைக்கும் போச்சு. பதிவுல பேர் இருக்கறவர்தான் சட்டப்படி உரிமையாளர், அவர்தான் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. அடிபட்ட குடும்பம் ஒவ்வொரு கையாத் தேடிக்கிட்டு அலைய முடியாதுங்கறது காரணம். அந்தக் குடும்பத்தோட பக்கம் இருந்து பார்த்தா அது நியாயம்தான், நான் குறை சொல்லல. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடியே சாவியைக் குடுத்துட்டுப் போன அந்த மனுஷன் இடத்துல என்னை வெச்சுப் பாருங்க. என்கிட்ட இருக்கறது ரெண்டரை ஏக்கர்.

2025 நவம்பர் 10, செங்கோட்டைக்குப் பக்கத்துல கார் வெடிச்ச அன்னைக்கு நான் டிவி முன்னாடிதான் இருந்தேன். ஹரியானா பதிவு எண், எப்பவோ வித்து பல கை மாறின கார். போலீஸ் முதல்ல தேடிப் போனது பதிவுல பேர் இருந்த பழைய சொந்தக்காரரைத்தான். அவர் வித்ததுக்கான பேப்பரைக் காட்டினார்னு செய்தி வந்துச்சு. எந்திரிச்சுப் போய் பீரோவுல என் பேப்பரைத் தேடினேன். இருந்தது ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணும், தேதி போடாத ரசீது ஒண்ணும்.

வண்டி வியாபாரிங்களுக்கு ஒரு வழி பண்ணியிருக்காங்க. 2023 ஏப்ரல்ல இருந்து, அங்கீகாரம் வாங்கின டீலர்கிட்ட வண்டியை ஒப்படைச்சு அதை ஆன்லைன்ல தெரிவிச்சுட்டா, அன்னையில இருந்து அந்த டீலரையே உரிமையாளரா எடுத்துக்கணும்னு விதி. கன்சல்டிங்ல 55,000 குறைச்சுக் கேட்டாங்கன்னு நான் வெளிய வித்தேன். ஆளுக்கு ஆள் விக்கிறவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பேர் மாத்தாதவர் என் காலைச் சுத்தின பாம்பா இருக்கார், ஆனா புகார் சொல்ற உரிமை மட்டும் அவருக்கு இருக்கறதா நினைச்சுக்கறார்.

அடுத்த தடவை, இருந்தா, நாளும் நேரமும் போட்ட ஒப்படைப்புக் கடிதம், ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து, என்.ஓ.சி. என் கையாலயே வாங்கறது, பேர் மாறுற வரைக்கும் பத்தாயிரம் என்கிட்ட நிறுத்தி வெக்கிறது. தெரிஞ்ச குறையை எல்லாம் அந்தக் கடிதத்துலயே எழுதிடுவேன், பேட்டரி உட்பட. வாங்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். இன்சூரன்சை உங்க பேருக்கு மாத்தாம இடிச்சுட்டு நின்னா, உங்க வண்டி டேமேஜுக்குக் கம்பெனி கையை விரிச்சிடும். அப்போ எனக்குப் போன் பண்ணிப் பிரயோசனம் இல்லை.

பொங்கல் முடிஞ்ச மறுநாள் ஓசூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். பாக்கி அபராதத்தைக் கட்டினாத்தான் என்.ஓ.சி. நகரும்னாங்க. எல்லாத்தையும் என் கைக்காசுல கட்டிட்டு, ரசீதைத் தம்பிக்கு அனுப்பினேன். வண்டியை வித்த தேதி, அவர் பேர், விலாசம் எல்லாம் எழுதி ஆபீசுக்கு ஒரு கடிதம், அதே நகலைப் பதிவுத் தபால்ல அவருக்கும் போட்டேன். இந்த மாசம் 31க்குள்ள வந்து கையெழுத்துப் போடலைன்னா போலீஸ்லயும் எழுதிக் குடுப்பேன்னும் சேர்த்திருக்கேன்.

தபால் நேத்து அவருக்குக் கிடைச்சிருக்கு. ராத்திரி ஒன்பதரைக்கு மெசேஜ் வந்துச்சு.

"அண்ணா, என்னண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க, நான் என்ன திருடனா? சனிக்கிழமை வர்றேன். அப்படியே அந்த வைப்பர் மோட்டாரையும் கொஞ்சம் பாக்கணும்ணா, சத்தம் வருது."

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன்னு பதில் போட்டிருக்கேன்.