வாயடைக்கப்பட்ட வானொலிப் பெட்டிகள்

இலவசமாகக் கிடைத்த லினக்ஸை வைத்துப் பெட்டி செய்து விற்பது, வாங்கியவர் அதைத் திருத்த முடியாதபடி பூட்டியும் வைப்பது. இதற்கு வணிக சாமர்த்தியம் என்று பெயர். நான் இதை மோசடி என்பேன்.

கண்டி, திருகோணமலை வீதியில் ஓர் இணைய வானொலிப் பெட்டி வாங்கினேன். வானொலிகள் புதிய பாதுகாப்பு முறைக்கு மாற மாற, அதில் தமிழ் ஒலிபரப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பேராதனையில் பொறியியல் பயிலும் இளைஞரொருவர் புதிய லினக்ஸை ஏற்றித் தந்தார். திரை ஒளிர்ந்தது, இணையமும் வந்தது. ஒலி மட்டும் எழவில்லை. முகவரிடம் கேட்டால், "புதியது வாங்குங்கள்" என்கிறார்.

காரணம் எளிது. மேசைக் கணினியின் ஒலி அட்டை தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். இத்தகைய சிறு பெட்டிகளில் உள்ள ஒலிச் சில்லு அவ்வாறு செய்யாது. எந்தச் சில்லு எந்தக் கம்பியில் இணைந்துள்ளது என்பதை ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். சில்லை இயக்கும் ட்ரைவரும் ஒரு குறிப்பிட்ட கேர்னலுக்கெனத் தொகுக்கப்பட்டது. கேர்னல் மாறினால் அது ஏறாது. மூலநிரல் இருந்தால் மீண்டும் தொகுத்துக்கொள்ளலாம். அதைத்தான் மறைக்கிறார்கள்.

சில்லு நிறுவனத்தின் இரகசியம் என்பது அவர்கள் சொல்லும் சாட்டு. லினக்ஸ் 1992 முதல் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் உள்ளது. அதை மாற்றி விநியோகிப்பவர், மாற்றங்களின் மூலநிரலைப் பெறுநருக்குத் தரக் கடமைப்பட்டவர். ட்ரைவர் தனிக்கோப்பு, உரிமம் அதைத் தொடாது என வாதிடுவோர் உண்டு. சரி, கேர்னலில் செய்த மாற்றங்கள் எங்கே? அந்த இணைப்புக் கோப்பு எங்கே?

அல்சா என்னும் ஒலிக் கட்டமைப்பு 2003இல் வெளியான 2.6 கேர்னலிலேயே இடம்பெற்றுவிட்டது. அதில் சேர்ந்த ட்ரைவர்களை உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் கேர்னலோடு சேர்த்துப் பராமரிக்கிறார்கள். 2012இல் வெளிவந்த முதல் ராஸ்பெரி பையில் இன்றும் புதிய இயங்குதளத்தை ஏற்றலாம். ஆகவே முடியாது என்பது பொய். மனமில்லை என்பதே மெய்.

2022இல் ரூபாய் சரிந்தபோது, டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாட்டில், நல்ல ஒலிபெருக்கியோடு கூடிய பெட்டியை ஒரு கோப்பு இல்லாத குற்றத்திற்காக எறியச் சொல்கிறார்கள். எறிவது எங்கே? கண்டியின் குப்பை மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொடவில்தானே மலையாய்க் குவிந்தது!

கேட்டால் கிடைத்த வரலாறும் உண்டு. லிங்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரவுட்டரின் மூலநிரல், பயனர்களின் நெருக்குதலால் 2003இல் வெளியிடப்பட்டது. அதிலிருந்தே ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. 

ஊருக்குப் பெட்டி வாங்கி அனுப்பும் புலம்பெயர் நண்பர்களே, பாடசாலைக்கும் கோவிலுக்கும் கருவி வாங்கும் பெரியோர்களே, விலையை விசாரிக்கும்போதே மூலநிரலையும் விசாரியுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.