ஐந்து பிளேட்டும் ஒரு பேணித் தண்ணியும்

காரைநகர்ப் பெடியள் பலரின் கழுத்தைப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். குரல்வளைக்குக் கீழே சிவந்த பொட்டுகள், இடையிடையே சின்னக் கட்டிகள். கேட்டால், "எனக்கு ஷேவ் ஒத்துவராது, என்ர தோல் அப்படி" எண்டு பதில் வரும். பிறகு காசு சேர்த்து மூன்று பிளேட் ரேசர் வாங்குவினம். அதுவும் சரிவராட்டில் ஐந்து பிளேட். எங்களைக் கேட்டால் தோலிலும் பிழை இல்லை, ரேசரிலும் பெரிய பிழை இல்லை. பிழையில் பாதி கிணத்துக்குள்ள கிடக்கு.

எங்கட தீவுக்கு அடியில் இருக்கிறது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கேக்கை கல்சியத்தைக் கரைச்சுக்கொண்டு கிணத்துக்கு வருது. சுத்திவரக் கடல், ஆனபடியால் கோடையில் பல கிணறுகள் சவர்க்கவும் செய்யும். இந்தத் தண்ணியில் சவர்க்காரம் சரியா நுரைக்காது. கல்சியத்தோட சேர்ந்து வெள்ளைக் கசடாகி வாளி விளிம்பில் ஒட்டும். நுரை எண்டு நினைச்சு நாங்கள் முகத்தில் பூசிறதில் பாதி அந்தக் கசடுதான். அதுக்கு மேல பிளேட் வழுக்காது, இழுபடும்.

நம்பாட்டில் ரெண்டு போத்தல் எடுங்கோ. ஒண்டில் கிணத்துத் தண்ணி, மற்றதில் மழைத்தண்ணி. ரெண்டிலும் ஒரே அளவு சவர்க்காரம் சீவிப் போட்டுக் குலுக்கிப் பாருங்கோ. ஒண்டு கலங்கி நிக்கும், மற்றது கழுத்து வரைக்கும் நுரைக்கும். பள்ளிக்கூடத்தில் "கடின நீர்" எண்டு பாடமாக்கி எழுதின விசயம்தான். அதை முகத்தோட பொருத்திப் பாக்க ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.

விளம்பரம் சொல்லித் தந்தது வேறை. 1971இல் ஜில்லெட் ரெண்டு பிளேட்டோட வந்தது, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. ஒவ்வொரு தடவையும் முன்னையதை விட நெருக்கமான ஷேவ் எண்டு சொன்னாங்கள். பொய் இல்லை. முதல் பிளேட் முடியைக் கொஞ்சம் இழுக்கும், அது உள்ளுக்குத் திரும்ப முதல் பின்னால வாற பிளேட் இன்னும் கட்டையா வெட்டும். முடி தோல் மட்டத்துக்குக் கீழேயே நிண்டுவிடும். நேர் முடிக்காரருக்கு அது வசதி. எங்களில் பலருக்குத் தாடி சுருள். சுருள் முடி திரும்ப வளரேக்கை வெளியே வராமல் தோலுக்குள்ளயே குத்தும். கழுத்துக் கட்டிகளில் கனக்க இப்படி வந்தவைதான். எங்கட கருத்து, சுருள் தாடிக்காரர் ஐந்து பிளேட்டுக்குக் காசு குடுக்கிறது தங்கட கழுத்துக்குத் தாங்களே சூனியம் வைக்கிற வேலை. ரெண்டு பக்கமும் கூரான பழைய ஒற்றைப் பிளேட் ரேசர் போதும். அதின்ர பிளேட் எவ்வளவோ மலிவு.

இப்ப தண்ணி. ஷேவுக்கு வாளிக்கணக்கில் தேவை இல்லை, நல்ல தண்ணி ஒரு பேணி காணும். மாரியில் மழைத்தண்ணி பிடிச்சு வையுங்கோ, ஆனால் மூடி வையுங்கோ, டெங்கு நுளம்பை வளர்க்க வேண்டாம். கோடையில் கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சு, அடையவிட்டு, மேல்தண்ணியை மட்டும் எடுங்கோ. கேத்திலுக்குள்ள படியிற வெள்ளைப் படை இருக்கெல்லோ, அதுதான் உங்கட சவர்க்காரத்தைத் திண்டது. கொதிக்க வைச்சால் கடினத்தன்மையில் ஒரு பங்கு போகும், உப்புப் போகாது. சவர்க்கிற கிணறு எண்டால் குடிக்கிற தண்ணியில்தான் ஒரு பேணி எடுக்கவேணும். ஒரு பேணிக்கு மேல எடுக்க வேண்டாம். பவுசருக்குக் காத்திருந்து குடிதண்ணி எடுக்கிற ஊரில் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாறது பெரும்பாலும் அம்மா, இல்லாட்டில் அக்கா. யூடியூப்பில் பைப்பைத் திறந்துவிட்டபடி ஷேவ் எடுக்கிறவைக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

குளிச்சுப்போட்டு ஷேவ் எடுங்கோ, குளிக்க முதல் வேண்டாம். முடி ரெண்டு மூன்று நிமிசம் நனைஞ்சால்தான் ஊறி இளகும். பிறகு பிரஷ்ஷால் வட்டமாத் தேய்ச்சு நுரை போடுங்கோ. கழுத்தை விரலால் தடவி, முடி எந்தப் பக்கம் படுக்குது எண்டு முதலிலேயே பார்த்து வையுங்கோ. கன்னத்தில் கீழ்நோக்கி வளரும் முடி கழுத்தில் பக்கவாட்டிலும் போகலாம், சிலருக்குச் சுழியே இருக்கும். முதல் தடவை முடி போற பக்கம். திரும்ப நுரை போட்டு, ரெண்டாம் தடவை குறுக்கே. எதிர்ப்பக்கம் இழுக்கிறதைச் சுருள் முடிக்காரர் விட்டுவிடலாம். பிளேட் தோலோட ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் நிக்கவேணும். அமத்தக் கூடாது, ரேசரின்ர பாரமே காணும். அமத்தித்தான் வெட்டவேண்டி இருந்தால் பிளேட் முடிஞ்சுது எண்டு அர்த்தம்.

இதெல்லாம் சலூன்காரருக்கு எப்பவோ தெரியும். இடக்கையால் தோலை இழுத்துப் பிடிக்கிறது, ரெண்டாம் தடவை நுரை போடுறது, கடைசியில் படிகாரக் கல்லை ஈரத்தோட தடவுறது எல்லாம் அவையின்ர கைப்பழக்கம். நாங்கள் அதைக் கேட்டுப் படிக்கேல்லை. குடிமைத்தொழில் எண்டு அந்த வேலையைச் சாதியோட கட்டிவைச்சு, செய்தவரை வாசலுக்கு வெளியே நிப்பாட்டின ஊர் எங்கட யாழ்ப்பாணம். இப்பவும் அந்தத் தொழிலின்ர பேரைப் பகிடியாச் சொல்லுற பெடியள் இருக்கினம். அதே பெடியள்தான் இங்கிலீஷ்காரன் ஒருத்தன் வீடியோவில் காட்டினால் அதைக் "கலை" எண்டு பகிருவினம். தகப்பன் செத்து 31 நாள் வளர்ந்த தாடியை அந்தியேட்டி அண்டு எடுக்கிறதைப் பாருங்கோ. முதலில் கத்தரிக்கோலால் கட்டையா வெட்டி, நல்லா நனைச்சு, பிறகுதான் கத்தி வைப்பார். அந்த ஒழுங்கை மாத்தினால் வீட்டில் நீங்கள் ரத்தம் காணுவீங்கள்.

சலூனில் ஒண்டே ஒண்டைக் கட்டாயம் கேளுங்கோ. பிளேட்டை உங்கட கண்ணுக்கு முன்னால உறை பிரிச்சுப் போடவேணும். ஹெப்படைடிஸ் பி ரத்தத்தால பரவும். கேக்கிறது மரியாதைக்குறைவு இல்லை, நல்ல தொழிலாளி கேக்க முதலே செய்வார்.

வீட்டுப் பிளேட் சவர்த் தண்ணியிலும் உப்புக் காத்திலும் கெதியாக் கெடும். நல்ல தண்ணியில் அலசி, உதறி, குளியலறைக்கு வெளியே காய வையுங்கோ. முடிஞ்ச பிளேட்டைக் குப்பையில் எறிய வேண்டாம். வெறும் பால்மாப் பேணியின்ர மூடியில் ஒரு கீறல் போட்டு அதுக்குள்ள தள்ளி வையுங்கோ. வளவு கூட்டிக் குப்பை அள்ளுறது அனேகமா ஷேவ் எடுத்தவரின்ர கை இல்லை.