நூலக நிகழ்ச்சிகளை முன்கூட்டியே அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முனைவர் பட்ட ஆய்வாளர் சங்கத்தினர்

பெறுநர்:
மாண்பமை துணைவேந்தர் அவர்கள்,
மதிப்பிற்குரிய பல்கலைக்கழக நூலகர் அவர்கள்

பொருள்: நூலகப் பயிற்சிகள், புதிய வரவுகள், வரவிருக்கும் நிகழ்ச்சிகள் ஆகியவற்றை முன்னதாகத் தெரிவிப்பது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

கடந்த பருவத்தில் நம் நூலகத்தில் மின் இதழ்களைத் தேடிப் பயன்படுத்துவது குறித்து இரண்டு நாள் பயிற்சி நடந்தது. மிகவும் பயனுள்ள பயிற்சி என்று கலந்துகொண்டவர்கள் சொன்னார்கள். எங்களில் பலருக்கோ, அது முடிந்த பிறகு நுழைவாயில் பலகையில் ஒட்டியிருந்த புகைப்படங்களைப் பார்த்துத்தான் அப்படியொன்று நடந்ததே தெரியவந்தது.

இதைச் சிறிய குறையாகக் கருத வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழியாக அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 பன்னாட்டு இதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் மக்கள் பணம் இதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் தன் துறைக்கு உரியது எது, அதை எப்படித் தேடி எடுப்பது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் இல்லையென்றால், முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வந்திருக்கும் மாணவருக்கு அந்த இதழ்கள் இருந்தும் இல்லாதவையே.

பகுதிநேர ஆய்வாளர்களின் நிலை இன்னும் கடினம். அவர்களில் பலர் வெளியூர்க் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்கள். வார நாளில் நடக்கும் பயிற்சிக்கு விடுப்பு எடுக்கவே ஒரு வாரம் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய நாள் மாலை ஒட்டப்படும் அறிவிப்பு அவர்களுக்கு எப்படிப் பயன்படும்?

ஆகவே, அடுத்த மாத நிகழ்ச்சிகளின் பட்டியலை ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதிக்குள் எல்லாத் துறைகளுக்கும் இணைவுக் கல்லூரிகளுக்கும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்ப வேண்டுகிறோம். புதிய வரவுகளின் பட்டியலையும் அதனுடன் சேர்க்கலாம். ஒவ்வொரு பயிற்சியையும் ஒரு சனிக்கிழமையிலும் மறுமுறை நடத்த வேண்டும். ஆய்வேட்டைச் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்ப்பதற்கான நடைமுறையை, ஏடு சமர்ப்பிக்கும் கடைசி வாரத்தில் அல்லாமல், பதிவு செய்த முதல் ஆண்டிலேயே விளக்க வேண்டும்.

நூலகப் பணியாளர்களைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாத நிலையில், இருக்கும் சிலரே இரவல் பகுதியையும் பருவ இதழ்ப் பகுதியையும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வதைத் தினமும் காண்கிறோம். அந்தப் பணியிடங்களை நிரப்புமாறு துணைவேந்தர் அவர்களை அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை அறிவிப்புகளைத் தயாரித்து அனுப்பும் வேலையில் எங்கள் உறுப்பினர்கள் உடனிருப்பார்கள்.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. அவர் நினைவாக ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இந்த ஆண்டு அந்நாளில் மாலை மரியாதையோடு நின்றுவிடாமல், ஆய்வாளர்களுக்கு ஒரு முழுநாள் பயிற்சியும் நடத்த வேண்டும். நவம்பர் 14 முதல் 20 வரையிலான தேசிய நூலக வாரத்தைத் திட்டமிடும் குழுவில் ஆய்வாளர் இருவருக்கு இடம் தர வேண்டும்.

ஆகஸ்ட் 12 நிகழ்ச்சி நிரலை ஜூலை 20-க்குள் வெளியிட்டு, இந்த நடைமுறையைத் தொடங்கிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் நிர்வாகிகள், உறுப்பினர்கள்