இரையும் இருப்பிடமும்

உயிர்கள் வாழ்வதற்குத் தங்க இடமும் உண்ண இரையும் இன்றியமையாதவை. இவற்றுள் ஒன்றைக் காத்து மற்றொன்றைக் கைவிட்டால் பயன் யாது?

தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில் வாழும் பென்குவின் பறவையே இதற்குச் சான்று. அது கூடு கட்டும் தீவுகள் பல காவலில் உள்ளன. ஆயினும், அதன் உணவாகிய மத்தியும் நெத்திலியும் கடலில் குறைந்தமையால் அப்பறவை பசியால் நலிந்தது. இன்று பத்தாயிரம் இணைகளுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. 2024-ஆம் ஆண்டில் அது முற்றும் அழியும் நிலையை நெருங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் இருப்பிடங்களுள் ஆறினைச் சுற்றி, அம்மீன்களை வணிகத்திற்காகப் பிடித்தலைப் பத்தாண்டுகளுக்குத் தடுத்து, 2025-ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஆணையிட்டது.

மாணவர்களே! இவ்வுண்மை நம் ஊர்க் கூழைக்கடாவுக்கும் பொருந்தும். அலகின் கீழுள்ள பையால் மீனை அள்ளி உண்ணும் இப்பறவை, 1877-ஆம் ஆண்டில் பர்மாவின் சித்தாங் ஆற்றுப் பகுதியில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டியிருந்தது. பின்னர் அக்கூட்டம் அடியோடு மறைந்தது. நம் நாட்டிலோ வேடந்தாங்கல் மக்கள் பறவைகளை விருந்தினராகப் போற்றினர். அவற்றைச் சுடலாகாது என்று 1798-ஆம் ஆண்டிலேயே கலெக்டர் லயோனல் பிளேசிடம் ஆணையும் பெற்றனர்.

ஆனால், கூடு கட்டும் ஏரி ஒன்றைக் காத்தால் போதுமா? கூழைக்கடா இரை தேடி ஏரிதோறும் செல்வதன்றோ? கொரட்டூர் ஏரியிலும் ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரியிலும் அது இறங்குவதைக் காணலாம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க வேண்டி, அவ்வூர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர். பருத்திப்பட்டு ஏரி சீர்செய்யப்பட்டு 2019-ஆம் ஆண்டில் பூங்காவுடன் திறக்கப்பட்டது. நடைபாதையும் பூங்காவும் நன்றே. எனினும் நீர் தூயதாக இல்லையேல், அவை பறவைக்கு இரை ஆகா.

“நகரம் வளர வேண்டாமா? தொழில் பெருக வேண்டாமா?” என்று சிலர் வினவுவர். வளரட்டும், பெருகட்டும். ஆனால், மீன் வாழ இயலாத ஏரியின் நீர் மனிதருக்கு மட்டும் நன்மை தருமோ? ஏரியைத் தூர்த்தால் மழைவெள்ளம் எங்கே செல்லும்? 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைச் சென்னை மறத்தல் ஆகாது. ஆகவே, பறவைக்காக ஏரியைக் காப்பவர் தம்மையே காத்துக்கொள்கின்றனர்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் இளைஞர்களே! உங்கள் ஊர் ஏரியில் குப்பை கொட்டாதீர். கொட்டுவோரைக் கண்டால் வாளாவிராதீர். பறவை வந்து இறங்கும் ஏரியே உயிருள்ள ஏரி. அவ்வேரியை அடுத்த தலைமுறைக்கு அளிப்பது நம் கடமையாகும்.