படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேலை

விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியிலும் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியிலும் நம் வட்டாரப் பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். அவர்கள் படிப்புச் செலவுக்குத் தாமே சிறிது சம்பாதிக்க விரும்புவது போற்றத்தக்கதே. எங்கே சம்பாதிப்பது என்பதுதான் கேள்வி.

பட்டாசு ஆலை வேலை பகல் வெளிச்சத்தில் நடைபெறுவது. கல்லூரி விட்டபின் அங்கே வேலையில்லை. வகுப்பை விட்டுத்தான் போகவேண்டும். மேலும், 18 வயது நிரம்பாதாரை வெடிமருந்துத் தொழிலில் அமர்த்தலாகாது என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். முதலாண்டு மாணவரிற் பலர்க்கு 17 வயதே. 18 நிரம்பினாலும் மருந்தின் குணம் மாறுவதில்லை. மருந்தை வீட்டுக்குக் கொணர்ந்து இரவில் திரி செருகுவதோ சட்டத்துக்கும் உயிருக்கும் ஒருங்கே பகை.

நம் சங்கங்கள் இதற்கு என்ன செய்தன? நெசவாளர் சங்கத்தில் பேரேடு எழுதவும், சேலைகளைப் படமெடுத்து இணையத்தில் விற்கவும், விவசாயிகள் சங்கத்தில் எடைச்சீட்டு எழுதவும் மாலையில் இரண்டு மணி நேரம் மாணவரை அமர்த்தலாம். வணிகவியல் பயிலும் பிள்ளை நம் பேரேட்டைப் புரட்டினால் நமக்குச் சற்றுக் கூச்சம் வரும்; வரட்டும். கூலியை மணிக்கணக்கில் வாரந்தோறும் கொடுத்துவிட வேண்டும். தேர்வு மாதத்தில் விடுப்பும் வேண்டும். அடுத்த மகாசபையில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.