ஐந்து பெட்டிகளா, இரண்டு நல்ல பெட்டிகளா? குறைந்த செலவில் வீட்டு ஒலியமைப்பு குறித்துச் சில கருத்துகள்

ஆய்வு உதவித்தொகையில் மிச்சம்பிடித்த இருபதாயிரம் ரூபாய்க்குள் வீட்டிற்கு ஒரு சரவுண்ட் ஒலியமைப்பு வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று நண்பர்கள் இருவர் அண்மையில் கேட்டனர். இருவருக்கும் தனித்தனியே எழுதியதைத் தொகுத்து இங்கே பதிவிடுகிறேன். அந்தத் தொகைக்கு 5.1 அமைப்பை வாங்காதீர்கள்; இரண்டு நல்ல ஒலிபெருக்கிகளை வாங்குங்கள் என்பதே என் நிலைப்பாடு. காரணங்களைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சித்தூரில் உள்ள எங்கள் வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் இந்தத் தவற்றை நானே செய்தேன். ஐந்து சிறு பெட்டிகளும் ஒரு பெரிய சப்வூஃபரும் அடங்கிய 'ஹோம் தியேட்டர்' ஒன்றை வாங்கி வந்து, சுவரெங்கும் கம்பி ஓட்டி மாட்டினேன். வண்டி ஓடினால் ஜன்னல் அதிர்ந்தது. அண்டை வீட்டார் வந்து எட்டிப் பார்த்தனர். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பா மட்டும் ஒரு வாரத்திற்குப் பிறகு, "எல்லாம் கேக்குது, பேசறது மட்டும் கேக்கலடா" என்றார். அதன்பின் படம் பார்க்க அவர் கூடத்திற்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். எழுபதை நெருங்கும் அவருடைய செவியின் குறை என்றே முதலில் நினைத்தேன். குறை நான் வாங்கிய பொருளில் இருந்தது என்பதை அறியச் சில மாதங்கள் ஆயின.

5.1 என்பது என்ன? முன்புறம் இடம், வலம், நடு என மூன்று. பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால் இரண்டு. தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மட்டும் ஒன்று. திரையரங்கின் பெருவெளிக்காக உருவான ஏற்பாடு இது. தமிழில் 1995-இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ முறையாலும், 1996-இல் வந்த 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். முறையாலும் பேசப்பட்டன. அந்தக் காலத்தில் கோயம்புத்தூர் சென்று படம் பார்த்துத் திரும்பிய எல்லையோரத்து இளைஞர்கள் கதையைவிட ஒலியைப் பற்றியே அதிகம் பேசினார்கள் என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வியப்பை வீட்டிற்குக் கொண்டுவரும் ஆசையைத்தான் மலிவு விலை அமைப்புகள் விற்கின்றன.

ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதும் உள்ளே நடப்பதும் ஒன்றல்ல. மலிவான பல 5.1 அமைப்புகளின் பின்புறத்தைப் பாருங்கள். உள்ளீடாக இரண்டு ஆர்.சி.ஏ. துளைகள், ஒரு யு.எஸ்.பி., புளூடூத் என இவை மட்டுமே இருக்கும். இவ்வழிகளில் வருவது பொதுவாக இரண்டு தடங்கள் கொண்ட ஸ்டீரியோ ஒலிதான். அந்த இரண்டையே பிரித்தும் கலந்தும் ஐந்து பெட்டிகளுக்கு அனுப்புகிறார்கள். ஒலிப்பதிவாளர் பின்புறத்திற்கென அமைத்த மழைச் சத்தம் நம் பின்னால் கேட்பதில்லை; நாயகன் பேசும் வசனம் பின்னாலும் கேட்கிறது. உண்மையான 5.1 வேண்டுமென்றால், டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். ஆகியவற்றைப் பகுத்தறியும் கருவியும், ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. உள்ளீடும் வேண்டும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே.

இரண்டாவது, வாட் எண். பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் எண்ணுக்குப் பொருளேதும் இல்லை, ஆர்.எம்.எஸ். அளவை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். அதிலும் மயங்க வேண்டாம். ஆற்றல் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் தேவை. ஆகவே 40 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் இடையே கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை.

மூன்றாவது, அறை. நம் வீடுகளின் கூடம் பெரும்பாலும் பன்னிரண்டு அடி நீளம், பத்து அடி அகலம். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். பன்னிரண்டு அடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு இடையே ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸிலும், பத்து அடிக்கு 56 ஹெர்ட்ஸிலும் ஒலி தேங்கி வீங்கும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் அந்த வீக்கம் மேலும் கூடும். பழைய ஓட்டு வீடுகளில் கூரையின் சரிவும் இடைவெளிகளும் ஒலியை ஓரளவு சிதறடித்து வெளியேவிட்டன. இன்றைய கான்கிரீட் கூடமும் பளிங்குத் தரையும் வாங்கிய ஒலியை அப்படியே திருப்பித் தருகின்றன. திரைச்சீலை, பாய், புத்தக அலமாரி ஆகியவை இங்கே ஒலிக் கருவிகளுக்கு நிகரானவை. ஆய்வாளர் வீட்டில் புத்தகத்திற்குப் பஞ்சமில்லை என்பது நமக்குச் சாதகம்.

இனி அப்பாவின் குறைக்கு வருகிறேன். தாழ்ந்த ஒலி உரத்து எழும்போது தனக்கு மேலுள்ள அதிர்வெண்களை மறைக்கும் என்பது செவியியலின் அடிப்படைச் செய்தி. பேச்சில் உயிரொலிகளுக்கு ஆற்றல் அதிகம். மெய்யொலிகள் பலவற்றுக்கு ஆற்றல் குறைவு, அதிர்வெண் உயர்வு. ல, ள, ழ ஆகியவற்றை வேறுபடுத்தும் தடயங்கள் பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகின்றன. முதுமையில் செவி முதலில் இழப்பதும் உயர் அதிர்வெண்களையே. அங்குலக் கணக்கிலான சிறு பெட்டி தெளிவின்றி ஒலிக்க, சப்வூஃபர் இரைய, முதியவர் செவியில் உயிர் மட்டும் எஞ்சி மெய் மறைந்துபோகிறது. அப்பா சொன்னது துல்லியமான நோயறிதல்.

எங்கள் மாவட்டத்தில் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழும் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். கம்பராமாயணப் பாடல்களைப் பாடி விளக்கம் சொல்லும் புலவர்கள் திரைக்குப் பின்னால் இருக்கிறார்கள். குரல் திரையிலிருந்து வருவதால் பாவையே பேசுவதாகச் செவி ஏற்றுக்கொள்கிறது. பேச்சு காட்சியின் திசையிலிருந்து வர வேண்டும். சூழ்ந்து வருவது அதற்கு அடுத்தது. நடு ஒலிபெருக்கியின் கோட்பாடு முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. படைப்பாளி ஆறு தடங்களில் அமைத்ததை இரண்டில் கேட்பது படைப்பைச் சிதைப்பதாகாதா? பின்புற ஒலியின் இருப்பிடத்தை இழக்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் பேச்சு, இசை, சூழல் ஆகிய உள்ளடக்கம் இரண்டு தடங்களுக்குள் கலந்து வந்துசேர்கிறது. நடுவில் அமர்பவருக்கு இரண்டு பெட்டிகளுக்கு இடையிலிருந்தே குரல் எழும். ஓரத்தில் அமர்பவருக்கு அது ஒருபக்கம் இழுபடும் என்பது ஸ்டீரியோவின் உண்மையான குறை. வீட்டில் நால்வர் சேர்ந்து பார்ப்பதாயின், அடுத்து வாங்க வேண்டியது நடு ஒலிபெருக்கி. பின்புறப் பெட்டிகள் அல்ல.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை இது. பின்னர் விரிவாக்கும் எண்ணம் இருந்தால், ஆப்டிகல் உள்ளீடுள்ள பழைய ஏ.வி. ரிசீவர் ஒன்றை நம்பகமானவரிடமிருந்து வாங்குங்கள். டால்பி டிஜிட்டல் 5.1-க்கு ஆப்டிகல் போதும். மிச்சத் தொகை முழுவதும் முன்புற இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு. அடுத்த ஆண்டு நடு ஒலிபெருக்கி, பிறகு சப்வூஃபர், இறுதியில் பின்புறம். விரிவாக்கும் எண்ணம் இல்லையெனில், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஒரு ஜோடி ஒலிபெருக்கிகள் போதும். கடைக்குச் செல்லும்போது செய்தி வாசிப்பு ஒன்றையும், நாதசுவரமும் தவிலும் சேர்ந்த பதிவு ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் வெடிச்சத்தத்தை நம்ப வேண்டாம். வீட்டில் இரண்டு பெட்டிகளும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமையும்படி, காதின் உயரத்தில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். சப்வூஃபர் வந்தபின் அதை முதலில் நீங்கள் அமரும் இடத்தில் வைத்து ஒலிக்கவிட்டு, அறையின் ஓரங்களில் குனிந்து நகர்ந்து கேளுங்கள். ஒலி சீராகக் கேட்கும் இடமே அதற்கு உரிய இடம். இதற்குச் செலவில்லை.

அண்டை வீட்டாரையும் நினைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிடுகின்றன. சுவரைத் தாண்டிச் செல்வது பெரும்பாலும் சப்வூஃபரின் ஒலியே.

எல்லையோரத்தில் வாழ்பவனாக இறுதியாக ஒன்று. எங்கள் தெருவில் பள்ளியும் அலுவலகமும் மலையாளத்தில் நடக்க, பல வீடுகளில் தமிழ் செவிவழியாகவே பிள்ளைகளைச் சேர்கிறது. பெரியவர்களின் பேச்சும், திரைப்படமும், பாட்டும்தான் அவர்களின் தமிழ்ப் பள்ளி. அங்கே ழகரமும் ளகரமும் இரைச்சலில் கரைந்தால், இழப்பு முதியவர்களுக்கு மட்டுமன்று. ஐந்து பெட்டிகளைக் கழற்றிவிட்டு இரண்டை வைத்தபின் அப்பா மீண்டும் கூடத்தில் அமர்கிறார். படம் முடிந்ததும் வசனத்தைக் குறைசொல்லி வாதிடுகிறார். என் இருபதாயிரத்திற்கு இதைவிட நல்ல பயன் இருந்திருக்க முடியாது என்று கருதுகிறேன்.

மாற்றுக் கருத்துள்ளோர், குறிப்பாக ஒலியியலும் மொழியியலும் பயில்வோர், பின்னூட்டத்தில் எழுதினால் கற்றுக்கொள்வேன்.